சானடோரியம் என்பது தவறான விடை

“இப்போ நாம எந்த இடத்துல இருக்கோம் பாட்டிம்மா?”

“சானடோரியம்.”

பேனா ஒரு நொடி நின்றது. கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை செய்யும் அந்தப் பெண் என் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னவோ எழுதினாள். அறையில் ஏ.சி. ரொம்ப அதிகம். சானிடைசர் வாசனையோடு, யாரோ மேசைக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சை சாதத்தின் வாசனையும் கலந்து வந்தது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

நான் சுவரோரம் ஒரு ஸ்டூலில் இருந்தேன். “ஆன்ட்டி, நீங்க எதுவும் ஹெல்ப் பண்ணக் கூடாது” என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். அக்காவுக்கு எழுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று. அவள் பாட்டிம்மா, நான் ஆன்ட்டி. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது உண்மை. அது சீக்கிரமே தீர்ந்துபோனது.

“இன்னைக்கு என்ன தேதி?”

“தேதி பாக்கலியேம்மா. புதன்கிழமை. லெந்து நாள் ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம்.”

மறுபடியும் பேனா நின்றது. லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எத்தனாவது மாடியில இருக்கோம்?”

“லிஃப்ட்ல வந்தோம். பட்டனை நீதானேம்மா அழுத்துன?”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். நல்ல பெண்தான். ஆனால் அவள் கையிலிருந்த தாளில் சிரிப்புக்கு இடம் விடப்படவில்லை.

பாலும் அடுப்பும்

எஸ்தர் அக்காவை அந்த அறைக்கு ஏன் கொண்டுபோனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால், தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் டேனியல், நாங்கள் கூப்பிடுவது டேனி. கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டான். நான் மாடம்பாக்கத்தில் என் மகளோடு இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை அக்காவைப் போய்ப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கேட்டருகே வந்த கேஸ் சிலிண்டர்காரரோடு பேசப் போனாள். பேச்சு அவருடைய மகள் கல்யாணம் வரைக்கும் போனது. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, புகை எதிர் வீட்டுக்காரர்களின் மூக்கை எட்டியது. அவர்கள் டேனிக்குப் போன் போட்டார்கள்.

பாலைக் கருகவிடாத பெண்மணி தமிழ்நாட்டில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் போன மாதம்கூட ஒரு குக்கரைத் தீய்த்தேன். ஆனால் என் வீட்டில் மகள் இருக்கிறாள், அதனால் அது கவனக்குறைவு. அக்கா தனியாக இருக்கிறாள், அதனால் அது நோய்.

டேனி பயந்துவிட்டான். கூடுவாஞ்சேரி தாண்டி முதியவர்களுக்கான ஒரு விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கட்டில் பக்கத்திலேயே பெல் இருக்கிறதாம், தோட்டம் இருக்கிறதாம், ஜெபக்கூட்டம்கூட நடக்கிறதாம். அக்கா “நான் வரலை” என்றாள். “அப்போ டாக்டர் சொல்லட்டும்மா” என்றான் டேனி. டாக்டர் சொன்னால் கேட்பதாக அக்காவும் ஒத்துக்கொண்டாள். எழுபத்தாறு வயதிலும் டாக்டர் என்றால் அவளுக்கு அத்தனை மரியாதை.

ஆக, அந்த ஏ.சி. அறையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது அக்காவின் வீடு.

பாக்கங்களின் பாடு

அக்கா என்ன வேலை பார்த்தாள் என்று அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. அதனால் நான் இங்கே சொல்கிறேன். தபால் பிரிக்கும் வேலை.

ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சட்டம். அதில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு தபால் நிலையம். கட்டுக்கட்டாக வரும் கடிதங்களை இடது கையில் அடுக்கிக்கொண்டு, முகவரியை ஓரக்கண்ணால் பார்த்து, வலது கையால் கட்டத்தில் எறிய வேண்டும். எந்தக் குக்கிராமம் எந்தத் தபால் நிலையத்துக்குக் கீழே வருகிறது என்பது தலைக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு.

அந்தப் பரீட்சைக்கு அக்கா படித்தது எங்கள் வீட்டு இரும்பு பீரோவில். அதன் கதவில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்வாள். நான் பாயில் உட்கார்ந்து ஊர்ப் பெயரை வாசிக்க வேண்டும், அவள் அந்தக் கட்டத்தைத் தட்ட வேண்டும். டங், டங் என்று வீடே அதிரும். அப்பா வெளியே போய்விடுவார்.

எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களைத்தான் பாருங்களேன். மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம். கையெழுத்து கோணலாக இருந்தால் எல்லாப் பாக்கமும் ஒரே பாக்கம்தான். அக்கா சொல்வாள்: “தெரியாத ஊர்ல யாரும் தப்பு பண்ண மாட்டாங்க ரூபி. தெரியலைன்னு எடுத்து வெச்சுடுவாங்க. தெரிஞ்ச ஊருக்குப் பக்கத்துல இன்னொரு தெரிஞ்ச ஊர் இருக்கு பாரு, அங்கதான் கை மாறும்.”

மறதியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரிய மகளைக் கூப்பிட நினைத்துச் சின்னவள் பெயரைச் சொல்கிறோமே, அதுவும் பக்கத்துக் கட்டத்தில் விழுந்த கடிதம்தான்.

பரீட்சை நாளன்று அக்காவுக்கு டிபன் தூக்கிக்கொண்டு கூடவே ரயிலில் போனது எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி, ஜன்னலோர இருக்கை, மடியில் சூடாக டிபன் பாக்ஸ். இதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அக்காவிடம் சொன்னபோது, “நீ எங்கடி வந்த? உனக்கு அன்னைக்கு அம்மை போட்டிருந்துது. வேப்பிலையில படுத்திருந்த” என்றாள். கோபத்தோடு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அம்மைத் தழும்பு இரண்டு என் நெற்றியில் இன்னும் இருக்கிறது.

இந்தத் தொடரின் வாசகர்களுக்கு என் ஞாபகத்தின் லட்சணம் தெரியும். போன வாரம் பல்லாவரம் சந்தையில் கடிகாரம் வாங்கிய கதையில், அது சனிக்கிழமைச் சந்தை என்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைச் சந்தை என்று ஆறேழு பேர் திருத்தி எழுதியிருந்தார்கள், நன்றி. ஆனால் ஒருவரும் என்னை விடுதியில் சேர்க்கச் சொல்லவில்லை.

கை போன இடம்

மறுபடியும் அந்த அறைக்கு வருகிறேன்.

“மூணு வார்த்தை சொல்றேன் பாட்டிம்மா. ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் கேப்பேன். தாமரை, சைக்கிள், ஊசி.”

அக்கா திருப்பிச் சொன்னாள். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள் அந்தப் பெண். கடிகாரம் வரையச் சொன்னாள். அக்கா அழகாக வரைந்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

“அந்த மூணு வார்த்தை என்ன?”

அக்காவின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. காற்றில் இடது பக்கம் மேலே ஒரு இடத்துக்குப் போனது. அங்கிருந்து நடுவே வந்தது. பிறகு கீழே வலது மூலையில் நின்றது. மூன்று இடம். வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“போட்டுட்டேன்மா” என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் அவள் அப்படித்தான் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முகவரிகள். எறிந்த கடிதம் மனதில் நின்றால் அடுத்த கடிதம் தப்பான கட்டத்தில் விழும். கையை விட்டுப் போனதும் மறந்துவிட வேண்டும். மறப்பதற்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள் அவளை.

நான் டைப்பிஸ்டாக இருந்தவள். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் தமிழும் ஆங்கிலமும் அடித்தேன். ‘ழ’ எந்த வரிசையில் இருக்கிறது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மிஷினை முன்னால் வையுங்கள், விரல் போய்விடும். என் வாய்க்குத் தெரியாதது என் விரலுக்குத் தெரிகிறது என்றால், நான் மறந்தவளா, மறக்காதவளா? இதற்கு அந்தத் தாளில் எத்தனை மார்க்?

வாட்ஸ்அப்பில் வந்த தீர்ப்பு

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டேனி அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

‘இடம்: தவறு. தான் ஒரு காசநோய் மருத்துவமனையில் இருப்பதாக நம்புகிறார்.’

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

அட, பாவிகளா! சானடோரியம் எங்கள் ஊர்ப் பெயர், அந்த கிளினிக் இருப்பதும் அங்கேதான். எந்தக் காலத்திலோ காசநோய்க்காரர்களுக்குக் கட்டிய ஆஸ்பத்திரியால் வந்த பெயர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. அங்கே பிறந்தவர்கள், கடை வைத்தவர்கள், காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் “வீடு எங்க?” என்றால் “சானடோரியம்” என்றுதான் சொல்வார்கள். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் வந்த குரோம்பேட்டையில் இருக்கிறேன் என்று சொன்னவரை, தோல் பதனிடும் தொட்டிக்குள் இருப்பதாக நம்புகிறார் என்று எழுதுவீர்களா?

அடுத்த வரி: ‘கைகளை நோக்கமின்றி அசைக்கிறார்.’

நோக்கமின்றி! அந்தக் கை சரியாகச் சேர்த்த கல்யாணப் பத்திரிகை எத்தனை, வேலை உத்தரவு எத்தனை, அரபு நாட்டிலிருந்து வந்த கடிதம் எத்தனை! நோக்கமில்லாமலா அவை வீடு போய்ச் சேர்ந்தன?

கடைசி வரியில்தான் கத்தி இருந்தது. ‘தனியாக வசிக்க ஏற்றவர் அல்லர்.’ கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து. அந்த டாக்டரை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை.

டேனிக்குப் போன் போட்டேன். “படிச்சியாடா?”

“படிச்சேன் சித்தி. மனசே சரியில்லை. அடுத்த வாரம் அந்த விடுதியில ரூம் காலியாகுதாம்.”

“என்ன எழுதியிருக்கான்னு படிச்சியா, இல்லை கடைசி வரியை மட்டும் படிச்சியா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டேன்.

“நீ பொறந்து வளர்ந்த இடத்துக்குப் பேர் என்னடா?”

“சானடோ...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். எதிர் முனையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன்தான் கேட்டது.

இன்னாமா புச்சா கேக்குற

இரண்டாம் முறை போகும்போது என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தேன். அந்த கிளினிக் இருக்கும் கட்டிடத்தின் வாசலிலேயே இறங்கினேன். இறங்கும்போது ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

“தம்பி, இது எந்த இடம்ப்பா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாமா புச்சா கேக்குற? நீதான சானடோரியம் போவணும்னு ஏறுன? சானடோரியம்தான் இது. வூட்டுல யார்னா கீறாங்களா, போன் போடவா?”

பாருங்கள், ஒரு கேள்வி கேட்டதற்கே நானும் நோயாளி ஆகிவிட்டேன்.

டேனியும் அக்காவும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். அக்கா பருத்திப் புடவை கட்டியிருந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது. “ரூபி, சத்தம் போடாத. அவங்க படிச்சவங்க” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை அடக்க மாத்திரையே இல்லை. ஒரு தாள் இவளை இப்படி ஆக்கிவிட்டதே! தெரு நாயையும் அதட்டுகிறவள், மூன்று நாளாக அடுப்பைப் பற்றவைக்கவே பயந்து பன் தின்று கிடந்திருக்கிறாள்.

இம்முறை டாக்டரையே பார்த்தோம். ஐம்பது வயதுக்காரர், அமைதியானவர். ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன். படித்தார். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

“சாரிம்மா. அந்தப் பொண்ணு ஊருக்குப் புதுசு. நானே டெய்லி சானடோரியம் ஸ்டேஷன்லதான் இறங்குறேன்.”

“அப்போ இதுல கையெழுத்துப் போடும்போது எங்க சார் இறங்குனீங்க?”

“சித்தி...” என்றான் டேனி. அக்கா தரையைப் பார்த்தாள். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “நீங்க கேக்கறது சரிதான். நான் பார்க்காம போட்டிருக்கக் கூடாது” என்றார். அது எனக்குப் போதவில்லை, ஆனாலும் அப்படிச் சொல்கிற டாக்டர்கள் குறைவு என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

“அந்த மாடிக் கேள்வியும் அநியாயம்” என்றேன். “லிஃப்ட்ல வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இப்போ எத்தனாவது மாடின்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு.”

“மூணு” என்றாள் அக்கா. “இன்னைக்கு எண்ணிக்கிட்டே வந்தேன்.”

உள்ளே இருக்கிறது

டாக்டரே மறுபடியும் கேள்வி கேட்டார். தாளைப் பார்த்துக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அக்கா கட்டங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புதிதாக மூன்று வார்த்தைகள் கொடுத்தார். கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். ஒன்றைச் சொன்னாள். மற்ற இரண்டும் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது டாக்டர் ஒரு தாளில் பத்து வார்த்தைகளை எழுதி அவள் முன்னால் தள்ளினார். “இதுல நான் சொன்னது எது, பாருங்கம்மா.”

அக்கா யோசிக்கவே இல்லை. டக், டக் என்று இரண்டையும் விரலால் தொட்டுவிட்டாள்.

“பாருங்க” என்றார் டாக்டர், டேனியிடம். “உள்ள போயிருக்கு, பத்திரமா இருக்கு. வெறுமனே கேட்டா எடுக்க முடியலை. கண்ணால பார்த்தா வந்துடுது. உள்ளயே போகாததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.”

எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார்.

“ஆனா ஒண்ணு சொல்லணும். எடுக்கறது வயசுக்குக் கொஞ்சம் கூடுதலாவே லேட்டாகுது. இது அப்படியே நிக்கலாம், மெதுவா கூடவும் செய்யலாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம். இப்போதைக்கு வீட்லயே இருக்கட்டும். தானா அணையற அடுப்பு வாங்கிப் போடுங்க. தினம் யாராவது ஒரு தடவை போய்ப் பாருங்க.”

வீடு பிழைத்தது. ஆனால் ‘கூடவும் செய்யலாம்’ என்ற வார்த்தை அக்காவின் காதிலும் விழுந்தது. அவள் அதை மறக்கப் போவதில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இத்தனை பேரை எதிர்த்துக் கத்தினேனே, இந்த ஒரு வார்த்தையை எதிர்த்துக் கத்த எனக்கு யாருமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

வாசலில்

மூவரும் அக்கா வீட்டுக்கு வந்தோம். அவளே டீ போட்டாள். நானும் டேனியும் அடுப்பைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

டேனி கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஆறு மாசத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேம்மா. ரிப்போர்ட் எனக்கே நேரா மெயில்ல வந்துடும்” என்றான்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டேனி, ஒரு நாள் நான் நிஜமாவே மறந்துடுவேன். அது எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ வந்து என் எதிர்ல உக்காந்து, ‘அம்மா, இனிமே உன்னால முடியாது’ன்னு உன் வாயால சொல்லு. பேப்பரை அனுப்பாத. நீ சொன்னா நான் கிளம்பிடுவேன்.”

“இப்படி ஒத்துக்கிட்டதையே நீ மறந்துட்டா?”

“ரூபி இருக்காளே. அவ ஞாபகப்படுத்துவா.”

டேனி என்னைப் பார்த்தான். “சித்தியும் மறந்துட்டா?”

அக்கா கதவை விட்டுவிட்டு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தாள்.

“அப்போ நீ ஒருத்தன்தான் எங்க ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கணும்.”

அவன் ஒரு செருப்பைத்தான் மாட்டியிருந்தான். அதையும் கழற்றிவிட்டு, உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.